ஆளில்லாத போட்டோ

கருப்பு வெள்ளை போட்டோ என்றால் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டுதான். ஒன்று, கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக நின்று கேமராவை முறைத்தது. இன்னொன்று, செத்த பிறகு மாலை போட்டுச் சுவரில் மாட்டியது. நடுவில் பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்று வாய்த்திருந்தால் அது அதிர்ஷ்டம். எப்படியும் போட்டோ என்றால் அதில் ஆள் இருக்க வேண்டும். மேகத்துக்காகவும் தண்ணீருக்காகவும் ஃபிலிமைச் செலவழிக்கிற வீடு எதுவும் நம் பக்கத்தில் இருந்ததாக எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி மட்டும் ஒன்பது வயதிலேயே ஆள் இல்லாத போட்டோவைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன். இன்றுவரை அதிலிருந்து மீளவில்லை. இப்போது எதிர் வீட்டுப் பிள்ளை எண்ணூர்ப் பக்கம் போய் போனில் எதையோ எடுத்து வருகிறது, ஒரு தட்டுத் தட்டிக் கருப்பு வெள்ளையாக்கி என்னிடம் காட்டுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் மாமா எடுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு வாய் துறுதுறுக்கும். அந்தப் பிள்ளைக்குக் கேட்கப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருக்கும்.

அப்போது நாங்கள் வியாசர்பாடியில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே யார்டில் வேலை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடு இருந்தார். அம்மாவின் அப்பா இன்ஜின் டிரைவராக இருந்து, வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலியில் போனவர். அதனால் அவருடைய பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை உண்டு என்று ஆகியிருந்தது. முதலில் இன்ஜினில் கரி அள்ளிப் போட வேண்டும், வருஷங்கள் போனால் டிரைவர் ஆகலாம். இதை நம்பித்தான் அப்பாவின் தங்கையை, என் அத்தையை, மாமாவுக்குக் கட்டுவது என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். மாமாவுக்கு அதற்கு முன்பே அத்தையின் மேல் மனசு. திருவொற்றியூர் என்று யாராவது சொன்னாலே சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார்.

அத்தை திருவொற்றியூரில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வீட்டில் இருந்தாள். பெரியப்பா கூட்ஸ் வண்டி டிரைவர். அவருடைய கர்வமெல்லாம் கண்ணில். "நம்ப கண்ணு ஏ-ஒன் கண்ணு" என்று மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார். டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ரயில்வே டாக்டர் பார்வைக்குக் கொடுக்கிற முதல் தரம் அது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள், பையன் குடிப்பானா என்று விசாரிப்பதற்கு முன்னால் ஏ-ஒன்னா என்றுதான் விசாரிப்பார்கள்.

மாமா ஏ-ஒன் ஆகவில்லை.

டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினாராம். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளி. புள்ளிகளுக்குள் ஒரு நம்பர் ஒளிந்திருக்கும். எல்லோரும் எழுபத்து நாலு என்று படிக்கிற பக்கத்தை மாமா இருபத்தொன்று என்று படித்துவிட்டார்.

"ஒண்ணியும் தெரிலன்னு சொல்லியிருந்தாகூட மனசு ஆறும். இல்லாத நம்பர படிச்சிட்டு வந்துகீறானே" என்று அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

எனக்கோ உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊர் உலகத்துக்கே தெரியாத ஒரு நம்பர் என் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. இதற்குப் போய் ஏன் அழுகிறார்கள் என்று விளங்கவில்லை. மாமாவிடமே கேட்டேன். "எனக்கும் புர்ல கண்ணு. நல்லாத்தான் எழுதியிருந்துச்சி இருவத்தொண்ணுன்னு" என்றார்.

'கலர் பிளைண்ட்' என்று டாக்டர் சொன்னதில் கலர் வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்தது பிளைண்ட் மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்கா வந்து மாமாவின் மூஞ்சிக்கு நேரே விரலை நீட்டி, "இது எத்தினி சொல்லு" என்றாள்.

"ரெண்டு. நடுவுல நேத்து அரச்ச மஞ்சா ஒட்டிகினு கீது" என்றார் மாமா.

அவளுக்கு அது போதவில்லை. பொன்னாங்கண்ணிக் கீரை கட்டுக் கட்டாக வந்தது. காசிமேட்டிலிருந்து மீன் தலை வந்தது. தெருமுனை டீக்கடைக்காரர் மாமாவின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி விட்டார். அன்று சாயங்காலமே கிரவுண்டில் மாமா கோல் அடித்ததை அதே டீக்கடைக்காரர் நின்று பார்த்துக் கை தட்டினார், ஆனாலும் மறுநாள் மறுபடியும் கையைப் பிடித்தார். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த அப்பா மட்டும் வேறு மாதிரி சொன்னார்: "குருடுலாம் இல்லமே. அவனுக்கு எல்லாமே பழைய சினிமா மாதிரி கருப்பு வெள்ளையா தெரியும், அவ்ளோதான்." அதுவும் தப்பு. மஞ்சளும் நீலமும் மாமாவுக்கு நம்மைப் போலவே தெரியும், சிவப்பிலும் பச்சையிலும்தான் தகராறு. அது நான் பிள்ளை குட்டி பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்த வயதில் அப்பா சொன்னதை அப்படியே நம்பினேன்.

திருவொற்றியூரிலிருந்து தகவல் வந்தது. மார்கழிக்கு முன் தட்டு மாற்றிக்கொள்வதாக இருந்ததை நிறுத்திவிட்டார்கள். "தை பொறக்கட்டும், பாக்கலாம்" என்றாராம் பெரியப்பா. வேறு இடம் பார்க்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று எனக்கே தெரிந்தது. மாமா அதற்குப் பிறகு சட்டையை இழுத்து விட்டுக்கொள்வதில்லை.

ரயில்வேயில் ஏ-ஒன் கண் கேட்காத வேறு வேலை தருவார்கள், அதற்குக் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் என்று ராயபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் போய்ச் சேர்ந்தார். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர், பிரியாணிப் பிரியர், பக்கத்தில் நின்றால் ஏலக்காய் வாசனை அடிக்கும். ஒருநாள் புதுக் கேமராவைச் சோதிக்க, கடை வாசலில் பூத்துக் குலுங்கிய செம்பருத்திச் செடியை எடுத்தார். மாமா சொன்னாராம்: "அண்ணே, வேணாண்ணே. பூவு வராது."

"கண்ணு முன்னால செக்கச் செவேல்னு எரிஞ்சிகினு கீது, வராதாம்" என்று சிரித்தபடி எடுத்தார். கழுவிப் பார்த்தால் ஒரு புதர் இருந்தது. பூவைக் காணோம். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகப் போயிருந்தன. ஸ்டுடியோக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு மாமாவின் தோளில் ஓர் அறை விட்டார். "நைனா, உன் கண்ணுலயே ஃபிலிம்ம போட்டு அனுப்சிகீறான்டா கடவுளு!" அன்றைக்கே தன் பழைய பெட்டிக் கேமராவை எடுத்து மாமாவிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

அரைப் பரீட்சை லீவில் மாமா என்னைப் பேசின் பிரிட்ஜுக்குக் கூட்டிப் போனார். நல்ல பனி. அந்தக் காலத்து மார்கழிப் பனியில் பவர் ஹவுஸ் புகையும் இன்ஜின் புகையும் சேர்ந்துகொள்ளும், மூக்குக்குள் கரி ஒட்டும். பாலத்தின் மேல் நின்றால் கீழே தண்டவாளங்கள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகின்றன என்றே தெரியாது. எனக்குக் குளிர், பசி. ஒரு கூட்ஸ் வண்டி கீழே நின்றுகொண்டிருந்தது. மாமா கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, குனிந்து அதன் கண்ணாடிக்குள் பார்த்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"எடு மாமா."

"இரு கண்ணு. பொகை கீழ எறங்கட்டும்."

புகை எப்படிக் கீழே இறங்கும் என்று நான் சிரித்தேன். ஆனால் இறங்கியது. பனியின் கனத்தில் அழுங்கி, வண்டியின் முதுகு மேல் நீளமாகப் படுத்தது. அப்போது ஒரே ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் கேட்டது. இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் ஸ்டுடியோவின் இருட்டறையில் மாமா எனக்கு அதைக் கழுவிக் காட்டினார். சின்ன அறை, கூரையிலிருந்து தொங்கும் சிவப்பு பல்பு, புளித்த காடி மாதிரி ஒரு நெடி. ஒரு வெள்ளைத் தாளைத் தட்டில் இருந்த தண்ணீரில் போட்டு ஆட்டினார். எனக்குத் தெரிந்து வெறும் தாள்தான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று தாளுக்குள்ளிருந்து இன்ஜினின் அடிவயிறு வந்தது, நல்ல கருப்பாக. பிறகு தண்டவாளங்கள், ஒவ்வொன்றாக, தூரத்துக்கு ஓடின. பவர் ஹவுஸ் புகைக்கூண்டுகள் வந்தன, ஆனால் அவற்றுக்குக் கால் இல்லை, பனியில் மிதந்தன. கடைசியாகத்தான் புகை வந்தது. மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். நேற்று நான் குளிரில் நடுங்கிக்கொண்டு இட்லிக்கு அழுத இடமா இது?

இதை உங்களிடம் எப்படிச் சொல்வது? கருப்பு வெள்ளை என்று சும்மா பேர்தான். அந்தப் படத்தில் கருப்பும் கொஞ்சம், வெள்ளையும் கொஞ்சம். மீதியெல்லாம் நடுவில் கிடக்கிற சாம்பல்கள். பனி ஒரு சாம்பல், புகை வேறு, ஆகாயம் இன்னொன்று, நனைந்த ஜல்லிக் கல் இன்னொன்று. நேரில் நின்றபோது எனக்கு எல்லாம் ஒரே மங்கலாகத் தெரிந்தது. படத்தில் ஒன்றோடு ஒன்று சேராமல், மரியாதையாக விலகி நின்றன. கலரை எடுத்துவிட்டால் உலகத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது என்று நினைத்திருந்தேன். எடுத்த பிறகுதான் வெளிச்சம் இருந்தது தெரிந்தது. மாமாவுக்கு எப்போதும் இப்படித்தான் தெரிகிறது என்று நான் நம்பியதால், அவரைப் போலக் கண் வேண்டும் என்று திருவொற்றியூர்க் கோயிலில் வேண்டிக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் முதுகில் நாலு போட்டிருப்பாள்.

இன்னொரு ஞாயிறு ரயில் ஏறி எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனோம். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு. காற்று நிற்கட்டும் என்று மாமா வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தில் மூன்று பட்டைகள்தான் இருந்தன, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல கடலு எது, வானம் எது?" என்று கேட்டார்.

அம்மா எட்டிப் பார்த்து, "ஆளு எங்கடா?" என்றாள்.

"ஆளு இல்லக்கா."

"ஆளே இல்லாத்துக்கு இன்னாத்துக்கு போட்டோ? யாராவது செத்துகித்து பூட்டாங்களான்னு கேப்பாங்கடா. பாத்தா பயமா கீது." அம்மா தன் தம்பி துக்கத்தில் இப்படி ஆகிவிட்டதாக நினைத்தாள். கல்யாணம் நின்றுபோன பையன் மனிதர்களையே பார்க்கப் பிடிக்காமல் தண்ணீரையும் புகையையும் எடுத்துக்கொண்டு திரிகிறான் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அழுதாள். எனக்குத் தெரியும், அந்தப் பாலத்தின் மேல் நின்றபோது மாமாவைப் போலச் சந்தோஷமான ஆளை நான் பார்த்ததில்லை.

பேசின் பிரிட்ஜ் படத்தை அட்லஸுக்குள் ஒளித்து வைத்து, திருவொற்றியூர் போனபோது அத்தையிடம் காட்டினேன். மாமா சொல்லி இல்லை, எனக்கே யாரிடமாவது காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அத்தை மாடிப்படியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். நான் முந்திக்கொண்டு, "ஆளு கெடையாது அத்த" என்றேன்.

"யாரு சொன்னா? கீறாரே." படத்தின் கீழ் ஓரத்துக்கு வெளியே, தன் முட்டியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "இங்க நின்னுகினு கீறாரு. நீயும் நானும் இப்ப பாக்கறோமே, அந்த எடத்துல." படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எவ்ளோ நேரம்டி நின்னாரு?" என்று மட்டும் கேட்டாள். ரொம்ப நேரம் என்றேன். அத்தை படத்தைத் தாவணியால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

காணும் பொங்கலன்று பெரியப்பா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எதற்கு வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். வாக்கை ஆள் விட்டுத் திருப்பி வாங்குவது மரியாதை இல்லை என்று நேரில் வந்திருக்கிறார். கறிச்சோறு ஆனது, வெற்றிலை ஆனது. மாமா ஒரு மூலையில் நின்றார். அத்தை அம்மாவோடு சேர்ந்து பாத்திரம் கழுவுகிற சாக்கில் பின்னால் இருந்தாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார். பேச ஆரம்பிக்கிறதற்கு எங்காவது பார்க்க வேண்டுமே, சுவரைப் பார்த்தார். நான் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருந்த பேசின் பிரிட்ஜ் படம் அங்கே இருந்தது.

"இது நம்ப யார்டு" என்றார்.

எழுந்து கிட்டே போனார். விரலால் ஒவ்வொரு தண்டவாளமாகத் தொட்டார். "இது கரி லைனு. இது சால்ட் கோட்ரஸ் கூட்ஸ் ஷெட்டுக்கு போற லைனு. தோ, இங்கதான் தண்ணி புடிப்போம்." குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "இருவது வருசமா இதுக்குள்ளாற பூந்து பூந்து வந்துகினு கீறேன். இது இப்டி இருக்கும்னு எனக்கு தெரியாதே. யாரு எட்த்தது?"

அப்பா மாமாவைக் காட்டினார். பெரியப்பாவின் முகம் மாறியது. வந்த வேலை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. படத்தில் தூரத்தில், பனியில் சிக்னல் கம்பமும் அதன் கையும் கரைந்துபோய், விளக்கு மட்டும் ஒரு புள்ளியாக நின்றது. அதன் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா கலரு? சொல்லு பாப்பம்."

மாமா வாயைத் திறக்கும் முன், பின்கட்டிலிருந்து கை ஈரத்தோடு அத்தை வந்து நின்றாள், பின்னாலேயே அம்மாவும்.

"நீ சொல்லேண்ணா. உன்னுது ஏ-ஒன் கண்ணாச்சே."

பெரியப்பா திரும்பிப் படத்தைப் பார்த்தார். மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குப் போனார். பின்னால் வந்தார். மறுபடி போனார். முதலில் அப்பா சிரித்தார். பிறகு அம்மா, பிறகு எல்லோரும். பெரியப்பாவுக்கே மீசை துடித்தது. அம்மா என்னை இடித்து, ஜெயித்துவிட்டோம் என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். அந்தச் சிரிப்போடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

"பெரிய மாமா" என்றார் மாமா. "அது செவப்புதான். வண்டி நகரவே இல்ல, அத வெச்சி சொல்றேன். வெளக்க பாத்து சொல்லுன்னா எனக்கு தெரியாது. செவப்பு எனக்கு இருட்டாத்தான் தெரியும், கரி மாதிரி. நீங்க கேட்டது நாயம். டாக்டரு பண்ணதும் கரீட்டுதான். என்ன வண்டில ஏத்தக்கூடாது."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கண்ணில் பயமும் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது.

பெரியப்பா வந்து பாயில் உட்கார்ந்தார். "பனி நாள்ல எனக்கும் தெரியாது நைனா" என்றார் மெதுவாக. "வெளில சொல்ல மாட்டேன். ரூலு ஒண்ணுதான். சிக்னலு சந்தேகமா கீதா, வண்டிய நிறுத்து. அத செய்யாம, தெரிஞ்ச மாதிரியே ஓட்டிகினு போன ஆளு கூடலாம் நான் வேல செஞ்சிகீறேன். நெஞ்சு பதறும்." கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். "தெரிலன்னா தெரிலன்ற ஆளு. வூட்டுல இன்னா சிக்னலா கீது? இன்னாமே, சரியா?"

அத்தை சரி என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. தலை ஆடியது எல்லோருக்கும் தெரிந்தது.

போகும்போது பெரியப்பா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சட்டம் போட்டு மாட்டினார். வந்தவர்களெல்லாம் யார் போய்விட்டார்கள் என்று கேட்டு அவர் மானத்தை வாங்கினார்கள். பல வருஷம் கழித்து ஒரு மழையில் சுவர் ஊறி அது பாழாய்ப் போனது. நெகட்டிவும் எங்கே போனதென்று தெரியாது. மாமா ரயில்வே ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனார், கடைசிவரை ஞாயிற்றுக்கிழமை கேமராவை விடவில்லை.

வைகாசியில் கல்யாணம். அத்தைக்கு நல்ல ரத்தச் சிவப்பில் பட்டுச்சேலை, கூட்டத்தில் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அதுதான் தெரிந்தது. பெண்களெல்லாம் வந்து சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு அன்று மாமாவை நினைத்துப் பாவமாக இருந்தது, இவ்வளவு அழகான சேலை அவர் கண்ணுக்குக் கிடையாதே என்று. தாலி கட்டி முடித்து அவர் மணையில் உட்கார்ந்திருக்கும்போது மெல்லப் பக்கத்தில் போய் உட்கார்ந்து காதில் கேட்டேன்.

"மாமா, அத்த உனக்கு எப்டி தெரியறா?"

மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். பாலத்தின் மேல் நின்று பார்த்தாரே, அவ்வளவு நேரம் பார்த்தார்.

"சேல இருட்டா பூட்ச்சி கண்ணு. மூஞ்சி மட்டுந்தான் தெரியுது."

நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குச் சேலைதான் முதலில் தெரிந்தது.